திறக்க விடாத கையேடு

சுதாராணிக்கு ரைட்டர் கமலக்கண்ணனைக் கண்டாலே ஆகாது. அவருக்கும் அப்படித்தான். தலைச்சோலை எஸ்டேட்டில் அவர் கணக்குப் பார்க்கிறவர். இவள் பதினோரு வருடமாகக் காபிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் மெஷினை ஓட்டுகிறவள்.

புது மெஷின் வந்தபோது அதன் திரைக்குள்ளேயே கையேடும் வந்தது. எங்கே சிக்கினால் எதைக் கழற்ற வேண்டும் என்று தமிழில், படத்தோடு இருக்கும். அவள் பாட்டுக்குப் பார்த்துச் சரிசெய்துகொள்வாள். இந்த சீசனில் மெஷின் கம்பெனி அதைப் பூட்டிவிட்டது. எஸ்டேட் ஆபீஸ் ஐடி போட்டால்தான் திறக்கும். ஐடி இருந்தது மேனேஜருக்கும் ரைட்டருக்கும் மட்டும். தனக்கும் ஒன்று போட்டுத் தரச்சொல்லி இரண்டு தடவை கேட்டாள்.

"பழம் உரிக்கறவளுக்கு ஐடி ஒரு கேடா?" என்றார் கமலக்கண்ணன். என்ன திமிர்!

மெஷின் நின்றால் மேட்டிலிருக்கும் ஆபீசுக்கு ஏறிப் போய் அவரைக் கெஞ்ச வேண்டும். அவர் டீயைக் குடித்து முடித்து இறங்கி வருவதற்குள் பழம் மலையாகக் குவிந்துவிடும். பழி மட்டும் அவள் தலையில்.

அன்று மூன்றாவது முறையாகக் கல் சிக்கியது. ரைட்டருக்கு அலுத்துவிட்டது. ஐடியைப் போட்டுவிட்டு, "தொறந்தே கெடக்கட்டும். சும்மா சும்மா என்னைய இழுக்காத" என்று கிளம்பினார். அதே ஐடியில் ஆபீஸ் மெயிலும் திறந்துகொள்ளும் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை.

கல்லை எடுத்துவிட்டுக் கையேட்டை மூடப் போனாள். விரல் தவறிப் பட்டு மெயில் விரிந்தது. முதல் கடிதத்திலேயே அவள் பெயர். முந்தின நாள் கமலக்கண்ணன் மேனேஜருக்கு எழுதியது: 'பல்பர் அடிக்கடி நிற்பதற்குச் சுதாராணியே காரணம். கையேட்டைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அவரை நீக்கிவிட்டு என் மச்சான் தினேஷைப் போடலாம்.'

பதினோரு வருடப் பிழைப்பு!

சாயங்காலம் மெஷின் நிற்பதை விசாரிக்க மேனேஜர் சந்திரசேகர் ரைட்டரோடு வந்தார். அவள் திரையைக் காட்டினாள். கமலக்கண்ணன் முகம் செத்துப்போனது.

"அடுத்தவங்க கடுதாசியப் படிக்கறது தப்பும்மா," என்றார் மேனேஜர், கடுப்பாக.

"தப்புத்தானுங்க. எனக்குன்னு ஒரு ஐடி குடுத்திருந்தா, இவரு ஊட்டுக்குள்ள நானு ஏனுங்க போறேன்? தொறந்து பாக்கறதில்லைன்னு எழுதியிருக்காரே, தொறக்க உட்டாரான்னு அவரையே கேளுங்க."

மேனேஜர் கேட்டார். கமலக்கண்ணன் அவசரமாகத் திரையை அணைக்கப் போனார்; "காலையில முதல் வேலையா இவங்களுக்கு ஐடி போட்டுக் குடுங்க," என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை அவளுக்கு ஐடி போட்டுக் கொடுத்தவரும் கமலக்கண்ணன்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, தெரியாதவர் போல, "பேரு?" என்றார். சுதாராணி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். நன்றி சொல்லவில்லை.