அம்மா அனுப்பி வைத்த 'ஏ' படம்

பசை காயாத சினிமா போஸ்டருக்கு ஒரு புளித்த வாடை உண்டு. எங்கள் தெருமுனைச் சுவரைத் தாண்டும்போதெல்லாம் அது மூக்கில் ஏறும். எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் அங்கே ஒட்டியிருந்த போஸ்டரில் படத்தின் பெயரைவிட 'ஏ' என்ற எழுத்துதான் பெரிதாக இருந்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அப்போது இருபது வயது, பட்டு சொசைட்டியில் டைப்பிஸ்ட் வேலை. இருந்தாலும் இழுத்தாள்.

படத்தின் கதை இதுதான்... நல்ல வேலை, நல்ல மனைவி எல்லாம் இருந்தும் பெண் சபலத்தை விட முடியாத ஒருவன். விட நினைக்கிறான், அழுகிறான், மறுபடி போகிறான். இன்றைக்கு 'அடிக்‌ஷன்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு எங்கள் ஊரில் அதற்கு இருந்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

பத்திரிகைகள் படத்தைப் பிய்த்து உதறின. ஒன்று ஆபாசம் என்றது. இன்னொன்று, கெட்டவனுக்கு வக்காலத்து வாங்குகிறது என்றது. ஆபாசத்தை நம்பிப் போன எங்கள் தெரு ஆண்களோ அதைவிடக் கோபமாகத் திரும்பி வந்தார்கள்.

"ஒண்ணுமே இல்லப்பா... படம் பூரா அழுதுக்கினே கீறான்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அந்தச் சமயம் என் அக்கா சரோஜா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷனுக்கும், அதாவது எங்கள் மாமாவுக்கும், அதே கதைதான். கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார், அக்காவை அழைத்துப் போவார், ஒரு மாதம் தாங்காது. இந்தத் தடவை வந்தவள் திரும்பிப் போவதாக இல்லை. அம்மாவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். அடுத்து எனக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே.

வார இதழில் வரும் சினிமா விமர்சனத்தை நான்தான் சத்தமாகப் படிப்பேன். அப்பா தறியில் இருப்பார். அம்மா ராட்டினத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டே கேட்பாள். அந்த வாரம் விமர்சகர் இந்தப் படத்தைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, கடைசியில் முடிவையும் போட்டு உடைத்திருந்தார். மனைவி எல்லாவற்றையும் மன்னித்துக் கணவனை ஏற்றுக்கொள்ளும் கடைசிக் காட்சி ஒன்றுதான் குடும்பப் பெண்கள் பார்க்க வேண்டியதாம்.

ராட்டினம் நின்றது.

"இன்னொரு தபா படி" என்றாள் அம்மா.

அமாவாசை வந்தது. அன்று எங்கள் ஊரில் தறி ஓடாது, நெசவுத் தெருவே மேட்னி ஷோவுக்குக் கிளம்பும். பத்திரிகை என்ன எழுதினாலும் சரி, ஒரு படம் காஞ்சிபுரத்தில் தேறுமா தேறாதா என்று சொல்வது அந்த அமாவாசைக் கூட்டம்தான். அம்மா எங்கள் இருவரையும் வாசலில் நிறுத்தி, அக்காவின் துணிப்பையை என் கையில் திணித்தாள்.

"நெறஞ்ச நாளு. படத்த நல்லா பாருமா. முடிஞ்சதும் அப்டியே வாலாஜாபாத் பஸ் ஏறிடு" என்று அக்காவிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பி, "நீ அவள ஏத்திட்டு வாடி."

பெற்ற பெண்களை ஒரு தாய் 'ஏ' படத்துக்கு மூட்டை கட்டி அனுப்பியது எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும்.

தியேட்டரில் ஆண்கள் பக்கம் ஒரே விசில், கிண்டல். பெண்கள் பக்கம் பெஞ்சுகள் நிறைந்திருந்தும் மூச்சுச் சத்தம் இல்லை. நடுவில் ஒரு டாக்டர் வருகிறார். இது ஒரு வியாதி, இதற்கு வைத்தியம் வேண்டும், பெண்டாட்டி மேல் எந்தக் குறையும் இல்லை என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகிறார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்புறம் விடவேயில்லை.

கதையில் அந்த டாக்டரை அதற்குப் பிறகு யாரும் சீந்தவில்லை. மனைவி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள், அவன் காலில் விழுகிறான், திருந்திவிடுகிறான்... சுபம். சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். அக்கா அழவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வாலாஜாபாத் பஸ் தயாராக நின்றது. நான் பையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அந்த டாக்டரு சொன்னாரே, கேட்டியா?"

"கேட்டேன்கா."

"என்கிட்டதான் இன்னாவோ கொறை, அதான் அவரு வெளிய போறாருன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன்டி." பஸ்ஸுக்கு முதுகைத் திருப்பினாள். "வியாதின்னா அவரு டாக்டர்கிட்ட போவட்டும். நான் மருந்து இல்ல. வா, வூட்டுக்குப் போலாம்."

பையோடு திரும்பிய எங்களைப் பார்த்ததும் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கடைசி சீன் பாக்கலியா நீ?"

"பாத்தேம்மா. அது ஒண்ணுதான் நல்லால்ல."

மறுநாள் காலை, அப்பா தறியில் தனக்குப் பக்கத்தில் அக்காவை உட்காரச் சொன்னார். அவள் நெசவு கற்றுக்கொண்டாள். யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்தாள். அம்மாவின் கடைசிக் காலத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். என் கல்யாணமும் ஒன்றும் நின்றுபோகவில்லை.

மாமா ரொம்பக் காலம் கழித்து மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் போனார். கொஞ்சம் தேறினார் என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அக்கா காபி கொடுத்து, அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாருங்க" என்று அனுப்பி வைத்தாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போதெல்லாம் படம் வெளியான மதியத்துக்குள் போன் நிறைய விமர்சனம். ராட்டினத்தை நிறுத்திவிட்டுக் கேட்க ஆள் இல்லை. முடிவை யாராவது சொல்லிவிட்டால் 'ஸ்பாய்லர்' என்று என் பேரப்பிள்ளைகள் சண்டைக்கே போகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும்...

அந்த முகம் தெரியாத விமர்சகர் முடிவை உடைக்காமல் விட்டிருந்தால், அம்மா எங்களை அந்தத் தியேட்டர் இருந்த திசைக்கே விட்டிருக்க மாட்டாள். அக்காவும் தன்மேல்தான் குறை என்று நம்பிக்கொண்டே இன்னொரு கற்பூரச் சத்தியத்துக்குப் பின்னால் போயிருப்பாள்.

ஐயா, நீங்கள் எங்கே இருந்தாலும் சரி... அந்தப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூடச் சரியில்லை. ரொம்ப ரொம்ப நன்றி.