நிமிர்த்தி வைத்த சைக்கிள் றிம்

போன கிழமை கைபேசியில் ஒரு காணொளி வந்தது. குளிர்நாடொன்றின் மண்டபத்தில் அமலன் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். முன்னால் மேசையில் என்னுடைய பழைய சைக்கிளின் றிம். மன்னாரில், கீரி றோட்டு வளைவில் விழுந்து நான் நெளித்த இடம் அப்படியே இருக்கிறது.

அதைக் கண்டதும் மீன் வெடில்தான் மூக்கில் அடித்தது. நானும் அமலனும் ஒரே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தோம். பின்னேரங்களில், கீரிக் கரையில் மீனை ஐஸ் போட்டு வைக்க யாரோ கட்டிக் கைவிட்ட ஐஸ் வாடி ஒன்றுக்குள் இருந்து, பூமி சுற்றுவதை ஒரு கருவியில் பிடிக்கப் பார்த்தோம். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். வாடியின் சுவர் நல்ல தடிப்பு, உள்ளே வெக்கை ஏறாது. எங்கள் கருவிக்கு அது முக்கியம்.

இன்டர்நெட் வயர் இழுக்க வந்தவர்கள் விட்டுப்போன கண்ணாடி இழையைக் கை நோக றிம்மில் சுற்றினோம். லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, அந்த இழைக்குள் ஒன்றை இடமாகவும் மற்றதை வலமாகவும் ஓடவிட வேண்டும். பூமியோடு சேர்ந்து றிம்மும் திரும்புவதால், திரும்பும் பக்கமாக ஓடும் ஒளி ஒரு துளி பிந்தி வரும். இரண்டும் மறுபடி சேருமிடத்தில் வெளிச்சம் மாறும். மீற்றர் முள் அதைச் சொல்லும்.

சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதிவைத்த முறைப்படி றிம்மை மேசையில் படுக்கப்போட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தோம். ஒருநாள், இழையை அவிழ்த்து எறிந்துவிட்டுச் சைக்கிளிலேயே பூட்டுவோம் என்று கோபத்தில் றிம்மைத் தூக்கிச் சுவரில் சாத்தினேன். அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவர் இருப்பது வடதுருவத்துக்குக் கிட்ட. நாங்கள் இருப்பதோ பூமத்திய ரேகைக்குக் கிட்ட. அவருக்குத் தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் பூமியின் அச்சு, எங்களுக்கு வடக்கே கடலைப் பார்த்தபடி கிட்டத்தட்டப் படுத்திருக்கிறது.

"மச்சான், நிமிர்த்தி வடக்கைப் பாக்க வைப்பம்," என்றேன்.

வைத்தோம். முள் ஒரு பக்கம் போனது. கிழக்கே திருப்பினோம், நடுவுக்கு வந்தது. தெற்கே திருப்ப மற்றப் பக்கம் போனது. அமலன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். கண் கலங்கியிருந்தது.

"எங்க போனாலும் இது எங்கட ரெண்டு பேற்ற பேரிலதான் போகும்," என்றான்.

வெளிநாட்டுப் படிப்புக்கு இடம் கிடைத்தபோது றிம்மைக் கேட்டான். கொடுத்தேன். என் சைக்கிள் ஒற்றைச் சில்லோடு துருப்பிடித்தது. அதிலும் பெருமைப்பட்டேன், மடையன்.

இந்த யோசனை எப்படி வந்தது என்று காணொளியில் ஒருவர் கேட்கிறார். மன்னார்க் கடற்கரையில் தனியே இருந்தபோது தோன்றியதாம்.

அழைத்துக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை, வெட்கப்படவும் இல்லை. "இஞ்ச ஒருத்தரும் ரெண்டு பேற்ற கதை கேக்கிறேல்ல, மச்சான்," என்றான். அழைப்பைத் துண்டித்தேன்.

நேற்று அந்தக் காணொளியை மறுபடி பார்த்தேன். அந்தக் குளிர்நாட்டிலும் றிம்மை நேரே நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறான். துருவத்துக்குக் கிட்டவுள்ள அந்த ஊரில் படுக்கப்போட்டால்தான் நன்றாகப் பிடிக்கும். ஏன் நிமிர்த்தினோம் என்பது அவனுக்கு அன்றைக்கே விளங்கவில்லை.

ஐஸ் வாடியை எப்போதோ இடித்துவிட்டார்கள். அந்த நாட்களில் இப்படி ஏதாவது பிடிபட்டால் பாதிச் சோற்றில் எழும்பி அமலன் வீட்டுக்கு ஓடுவேன். நேற்றும் பழக்கத்தில் கைபேசியை எடுத்து அவன் பெயரைத் தேடினேன். பிறகுதான், யாருக்குச் சொல்லப் போகிறேன் என்பது உறைத்தது.