நிற்காத கெட்டிமேளம்

அப்போது நாங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, டுரியான் துங்காலில் ஒரு தாமான் வரிசை வீட்டில் இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. கொழுந்தனும் எங்களோடுதான் இருந்தார். மலாக்கா டவுனில் ஓர் ஆபிசில் கணக்கெழுதுகிற கிராணி வேலை. முப்பத்தெட்டு வயதாகியும் அவருக்குப் பெண் அமையவில்லை. குணத்தில் ஒரு குறையும் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறந்தால் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசுவார், அவ்வளவுதான். ஒரு தடவை பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கடைசியாகப் புலாவ் செபாங்கில் ஓர் இடம் கூடி வந்தது. பெண்ணுக்கு இவரைப் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாவுக்குத்தான் சந்தேகம். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரும் தெரியாது ஒன்றும் தெரியாது, ஆபிசில் அதற்குத் தூசி தட்டுகிற ஆள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறேன், அந்தக் கம்ப்யூட்டர் ஓடுவதையும் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார். கொழுந்தன் வாயை மூடிக்கொண்டு சரி என்றிருக்கலாம். நீங்கள் வாசலில் கால் வைக்கும்போது கம்ப்யூட்டரே நாதஸ்வரம் வாசித்து வரவேற்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவர் வீட்டில் வைத்திருந்தது, ஆபிசில் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய பெட்டி. எல்லோரும் போடுகிறதைப் போடாமல், ஏதோ பத்திரிகையோடு வந்த சிடி தட்டிலிருந்து லினக்ஸ் என்று ஒன்றை அதில் போட்டிருந்தார். திறந்தால் பூவும் வராது, படமும் வராது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடிக்கொண்டே இருக்கும். அவர் மட்டும் அதைப் பார்த்துச் சிரிப்பார்.

ஒரு கல்யாண கேசட்டிலிருந்து நாதஸ்வரத்தை ஆபிஸ் கம்ப்யூட்டரில் பதிந்து, டிஸ்கெட்டில் கொண்டுவந்து வீட்டுப் பெட்டிக்குள் இறக்கினார். தட்டினார். ‘பீ’ என்று ஒரு சத்தம் வந்தது. கண் இமைப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி தட்டினால் மறுபடி ஒரு ‘பீ’. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எங்கள் வீட்டில் அந்த ஒரு ‘பீ’தான். சாப்பிடும்போதும் ‘பீ’, சாமி கும்பிடும்போதும் ‘பீ’. என் வீட்டுக்காரர் இது கண்ணேறு என்று சொல்லி, பெட்டியின் தலையில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். கொழுந்தன் எடுத்துக் கீழே வைப்பார், இவர் எடுத்து மேலே வைப்பார். நானும் சும்மா இருக்கவில்லை. யாரும் பார்க்காதபோது ஸ்பீக்கர் இரண்டுக்கும் திருநீறு பூசிவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் காப்பி கொண்டுபோனபோது கொழுந்தன் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தார். நான் அவரிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசுகிறவள் இல்லை. யாரிடமும்தான் இல்லை. அன்றைக்கு அவருக்குக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எனக்குப் புரிந்த வரையில் விஷயம் இதுதான். பெட்டிக்குள் அட்டை அட்டையாகச் செருகியிருக்கிறது. பாட்டுக்கு ஓர் அட்டை, கையில் பிடித்து உருட்டுகிற மவுசுக்கு ஓர் அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எந்த அட்டைக்கு வேலை வந்தாலும் தன் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இந்த இரண்டு அட்டையும் ஐந்து, ஐந்து என்றே கூப்பிடுகின்றன. யார் கூப்பிட்டது என்று தெரியாமல் பெட்டி பாட்டை நிறுத்திவிடுகிறது. எண்ணை மாற்றலாம் என்றால், பாட்டு அட்டையில் மாற்றுகிற முள் ஒடிந்துபோயிருந்தது. மவுஸ் அட்டையில் மாற்ற வழியே இல்லை.

எனக்குச் சட்டென்று பெரட்டு ஞாபகம் வந்தது. தோட்டத்தில் விடியுமுன் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அது. வாய் தன்னால் பேசிவிட்டது.

“எங்க பெரட்டுல ஒரே பேருல ரெண்டு பேரு இருந்தோம், தம்பி. கங்காணி கூப்புட்டா ரெண்டு பேருமே வந்துட்டேங்கன்னு சொல்லுவோம். அவரு கோவத்துல ரெண்டு பேருக்குமே பால் வெட்ட நெரை குடுக்காம வீட்டுக்கு அனுப்பிருவாரு.”

“அப்புறம் என்னா செஞ்சீங்க, அண்ணி?”

“ஒருத்தி பேசுறப்ப இன்னொருத்தி வாயப் பொத்திக்கிட்டா. வேற என்னா செய்றது.”

வாயைப் பொத்திக்கொண்டது எப்போதும் நான்தான். அவள் நிரைக்குக் கிளம்பிய பிறகு, நான் மெதுவாகக் கங்காணி பக்கத்தில் போய் நிற்பேன்.

கொழுந்தன் எழுந்து உட்கார்ந்தார். மவுசைக் கவனிக்கிற வேலையைப் பெட்டியில் நிறுத்திவைத்தார். மவுசை மேசை ஓரத்துக்குத் தள்ளி, மூச்சுகூடப் படாமல் விட்டுவிட்டுத் தட்டினார். நாதஸ்வரம் முழுசாக வந்தது. தவில் வந்தது. கெட்டிமேளம் வந்தது. பாட்டு ஓடும்போது மவுசை யாரும் தொடக்கூடாது, தொட்டால் இரண்டும் மோதிப் பெட்டி அப்படியே உறைந்துபோகும் என்றார். சரி, யார் தொடப்போகிறார்கள். என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தைத் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் வந்தார்கள். வாசலில் கால் வைத்ததும் நாதஸ்வரம் தொடங்கியது. அந்த அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா அப்படி மயங்குகிற ஆள் இல்லை. மேசைக்கு அடியில் குனிந்து, உள்ளே ரேடியோ ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்த்தார். ஸ்பீக்கரை மோந்து பார்த்தார், திருநீறு மணத்திருக்கும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இது எதுக்கு என்று மவுசைப் பிடித்து ஓர் உருட்டு உருட்டினார்.

சரியாகக் கெட்டிமேளத்தில் பெட்டி உறைந்துவிட்டது. உறைந்தால் பாட்டும் நிற்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது கடைசியாக வாசித்த துண்டையே திரும்பத் திரும்ப வாசித்தது. அது நாதஸ்வரத் துண்டாக இருந்திருந்தால் மாடு கத்துவதுபோல் இருந்திருக்கும். தவில் துண்டாக அமைந்துவிட்டது. டிண்டிண்டிண்டிண்டிண் என்று, எந்தத் தவில்காரராலும் முடியாத கெட்டிமேளம். கொழுந்தன் என்னென்னவோ தட்டினார். பெட்டி எதற்கும் மசியவில்லை. வேர்வை வழிந்தது. என் வீட்டுக்காரர், தம்பி வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்துப் பெருமையாக மீசையைத் தடவினார். நான் அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றேன். அவ்வளவுதான், இந்த இடமும் போனது என்று நினைத்தேன்.

பெண்ணின் அப்பா மேளத்துக்கு மேல் கத்தினார்.

“சரிங்க, வீட்டுல போய் யோசிச்சு சொல்றோம்.”

அவர் அக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “கெட்டிமேளம் கொட்டுறப்ப எவனாச்சும் யோசிக்கிறேன்னு சொல்வானாடா?”

“அது மெசினு, அக்கா.”

“மெசினுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையேலா.”

முதலில் நிறுத்தச் சொல், பேசுவோம் என்றார் அவர். மேளத்தை நடுவில் நிறுத்துவது நல்லதில்லை என்று அக்கா ஒரே பிடியாக நின்றார். தட்டு எங்கே என்று அடுக்களைப் பக்கம் கத்தினார். நிச்சயத் தட்டுக்கு நான் எங்கே போவேன்? காப்பித் தட்டைத் துடைத்து, வாழைப்பழமும் கறிக்கு வைத்திருந்த தேங்காயும் வைத்தேன். மஞ்சள் கிழங்கு இல்லை, மஞ்சள்தூள் பாக்கெட்டை வைத்தேன். வெளியே கொண்டுவந்து நீட்டினேன்.

பெண்ணின் அப்பா தட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார்.

“தட்ட வாங்குனா இது நிக்குமா?”

நிற்கும் என்று சொன்னால் போதும், கல்யாணம் உறுதியாகிவிடும். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டார்.

“நிக்காதுங்க, மாமா. நீங்க மவுஸத் தொட்டதுல ரெண்டு அட்டையும் மோதிக்கிச்சு. பிளக்கப் புடுங்குனாத்தான் நிக்கும்.”

 அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தூசி தட்டுகிறவனாக இருந்தால் நிற்கும் என்று சொல்லியிருப்பான், என்னையே குறை சொல்கிறானே, இவனுக்கு வேலை தெரியும் என்றார். தட்டை வாங்கிக்கொண்டார்.

நான் அதற்குள் அடுக்களைக்கு ஓடிவிட்டேன். சந்தோஷத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காப்பிக்குச் சீனி போடட்டுமா என்று அந்த அக்காவைக் கேட்டேன். மேளத்தில் அவருக்குக் காதில் விழவில்லை. பிறந்ததிலிருந்து பேசாத சத்தத்தையெல்லாம் சேர்த்து, தொண்டை கிழியக் கேட்டேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கினார்.

“போடுங்க” என்று பக்கத்து வீட்டிலிருந்து பதில் வந்தது.