தாய்லாந்து பிராக்கெட்டில் குறை இல்லை

ஒரு நாள் காலையில் முதலாளி என் மேஜைமேல் ஒரு பிராக்கெட்டை வைத்தார். "தாய்லாந்து மால்மா. ஏதாவது குறை கண்டுபிடிச்சுக் குடு. இல்லேன்னா நம்ம ஆர்டர் அம்பேல்."

திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்குக் குவாலிட்டி வேலை. கார் சீட்டுக்கு அடியில் போகும் இரும்பு பிராக்கெட்டை அடித்து, மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவந்தோம். பிரஸ்ஸில் நிற்பவள் குமாரி. ஆர்டர் போனால் அவள் வேலையும் போகும்.

"போட்டின்னா அப்படித்தானே மேடம்" என்பார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். சற்றுக் கேளுங்கள். தாய்லாந்து மாதிரி நாடுகளோடு நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. அங்கேயே செய்தது என்று சான்றிதழ் காட்டினால் பிராக்கெட் சுங்கவரி இல்லாமல் இறங்கும். நாங்கள் வாங்கிய ஸ்டீல் தகட்டுச் சுருளோ ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டுச் சரக்கு. அதற்கு வரி உண்டு. அரிசிக்கு வரி போட்டுவிட்டு இட்லியைச் சும்மா உள்ளே விட்டால் இட்லிக்கடைக்காரன் என்ன செய்வான்?

வெர்னியரை எடுத்து அளந்தேன். குமாரி பின்னால் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, ஓட்டை நகந்துகீதா?"

"இல்லடி."

"பிசிறாவது கீதா?"

விரலால் தடவினேன். மழமழவென்று இருந்தது. 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறென்ன எழுதுவது? கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

விலை குறைவென்று கம்பெனி தாய்லாந்து பிராக்கெட்டுக்கு மாறியது; எங்கள் ஆர்டர் போயிற்று. முதலாளி பிரஸ்களை விற்றுவிட்டு அதே தாய்லாந்து பிராக்கெட்டை இறக்குமதி செய்து கம்பெனிக்குக் கொடுக்க ஆரம்பித்தார். ஷெட் முழுக்க அட்டைப்பெட்டி. பெட்டியைப் பிரித்து அளக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார். குமாரி காட்டாங்குளத்தூரில் ஒரு ஹாஸ்டல் மெஸ் வேலைக்குப் போய்விட்டாள்.

எங்கள் முதலாளி முஸ்லிம். ஆனாலும் ஆயுத பூஜைக்குப் பொரியும் லட்டும் அவர் கையால்தான் வரும். அந்த வருஷமும் வாங்கினார். பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார். குமாரி வழக்கம்போலச் சந்தனம், குங்குமத்தோடு வந்தாள். முதல் பொட்டு எப்போதும் அவள் பிரஸ்ஸுக்குத்தான். அது நின்ற இடத்தில் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"எதுக்குக்கா வைக்கிறது? அட்டப்பொட்டிக்கா?"

முதலாளி பொரி மூட்டையைப் பிரிக்கக் குனிந்துகொண்டார்.

குமாரி என் மேஜைக்கு வந்தாள். வெர்னியரை முந்தானையால் துடைத்துப் பொட்டு வைத்தாள்.

"உம்மேல கோவம்லாம் இல்லக்கா. இங்க இது ஒண்ணுதான் மிச்சம் கீது."

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சரக்கு சரியாக இருந்தால் ஆர்டர் நிற்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். குமாரி அடித்த சரக்கும் சரியாகத்தான் இருந்தது.