ஐந்து கறுப்புக் கட்டைகள்

என் கீபோர்டில் கறுப்புக் கட்டைகள்தான் முதலில் தேய்ந்தன. அத்தை பாட்டால் வந்த தேய்மானம். அப்பாவின் தங்கை அவர்; வெள்ளிமலையில் வாக்கப்பட்டவர். சாமைக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டே பாடுவார். அதை வாசிக்கப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: வெள்ளைக் கட்டை ஒன்றுகூட வேண்டாம், ஐந்து கறுப்பிலேயே பாட்டு முழுதும் அடங்கிவிடுகிறது. காட்டினேன். "அட, என்னிய மாதிரியே கறுப்பாக் கீது. அப்ப வெள்ள இன்னாத்துக்கு மருமவனே, அழகுக்கா?" என்று சிரித்தார்.

மைக்கில் ஒரு தடவை பாடிவிட வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. எங்கள் ஊர்த் தீமிதித் திருவிழாவில் ஏற்பாடு செய்தேன். புதுப்புடவை கட்டி, மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்தார். இரண்டடி பாடியிருப்பார். விழாக் கமிட்டிச் செயலாளர் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"நிறுத்தும்மா! என் பையன் அமெரிக்காவுலேர்ந்து அனுப்பிச்ச பாட்டு இது. அந்த ஊரு மலைக்காரங்க பாடுறது. செல்லுல கேட்டுக்கினு வந்து இங்க பாடுறியா? காப்பிப் பாட்டுக்கு மேடை கெடையாது."

"என்னாண்ட செல்லே இல்லீங்க. சின்னசேலத்துக்கு அந்தாண்ட போனதுமில்ல. அவங்கதான் வந்து கேட்டுக்கினு போயிருப்பாங்க!"

கூட்டம் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை, மைக்கை அணைக்கச் சொன்னார். அத்தை இறங்கிப் போனார். அதற்குப் பிறகு கொல்லையில்கூட அவர் வாய் திறக்கவில்லை. கேட்டால், "காப்பி எதுக்கு மருமவனே" என்பார். போன தையில் போய்ச் சேர்ந்தார்.

இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அந்த ஐந்து சுரத்தை மோகனம் என்று நாம் சொல்கிறோம். ஒன்றோடொன்று உரசுகிற சுரம் அதில் கிடையாது. பழகாத தொண்டைகூட இடறாமல் ஏறி இறங்கலாம். சீனத்துக் குடியானவனும் அதில்தான் பாடினான். அமெரிக்க மலையில் குடிசை போட்டவனும், அங்கே பருத்திக்காட்டில் அடிமையாக அடிபட்டவனும் அதில்தான் பாடினார்கள். யாரும் யாரிடமும் திருடவில்லை. பாடுபட்டவர்கள் மூச்சு விட்ட இடம் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கு என் அத்தை திருடியா?

இந்த வருஷத் திருவிழாவுக்குச் செயலாளரின் மகன் வந்திருந்தான். மாலை போட்டு மேடையேற்றினார்கள். கிட்டார் மீட்டி அதே அமெரிக்கப் பாட்டைப் பாட ஆரம்பித்தான். செயலாளர் பூரித்துப் போய் மைக்கில் சொன்னார்: "கேட்டீங்களா? அசப்புல நம்ம களையெடுக்குற பாட்டு! ஒலகமே ஒண்ணுதாங்க!" ஒரே கைதட்டல். மேடையோரம் கீபோர்டில் கைவைத்து உட்கார்ந்திருந்த எனக்கு, கூட வாசிக்கும்படி சைகை வேறு.

நான் கையை எடுத்துவிட்டேன். "காப்பிப் பாட்டுக்கு நான் வாசிக்கிறதில்லீங்க."

பையன் பாட்டை நிறுத்தினான். பாவம், ஒன்றும் அறியாதவன். "யாரோட காப்பிங்கண்ணா?" என்றான்.

"உங்கப்பாவக் கேளு."

செயலாளர் பாய்ந்து போய் மைக்கை அணைத்தார். அணைக்கட்டும். என் கீபோர்டுக்குச் சொந்தமாக ஸ்பீக்கர் இருக்கிறது. தேய்ந்துபோன அந்த ஐந்து கட்டைகளில் விரலை வைத்து, அத்தையைப் பாடவிடாத மூன்றாவது அடியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.