அறுபது வண்டி, நாற்பத்தொரு பேட்டரி

ராணுவ லாரி ஷெட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பேட்டரி என்றால்தான் பார்ப்பார். முப்பது வருஷமாக அங்கே எலக்ட்ரீஷியன். ஆசிட் தெறித்துத் தெறித்து அவருடைய எல்லா பேன்ட்டிலும் முழங்காலுக்கு மேலே பொடிப்பொடியாக ஓட்டை. கேட்டால், "காத்தோட்டமா இருக்கட்டும்" என்பார். எட்டாம் வகுப்பை மூன்று முறை படித்தவர். அதனால் எட்டாம் வகுப்பு மட்டும் அவருக்கு அத்துப்படி.

ஷெட்டில் லாரி அறுபது. உயிருள்ள பேட்டரி நாற்பத்தொன்று. மிச்சம் பத்தொன்பதும் செத்தவை. அந்த வண்டிகளில் ஹாரன் அடித்தால் கொசு முனகுவது போலக் கேட்கும். புது பேட்டரி வேண்டுமென்று நாலு வருஷமாகக் கடிதம் போகிறது. "அறுபது வண்டியும் தயார் என்று ஆய்வு அறிக்கை சொல்கிறதே, பிறகு பேட்டரி எதற்கு?" என்று பதில் வருகிறது. நியாயமான கேள்வி. அறிக்கை அப்படிச் சொல்வதற்குக் காரணமே நம்ம பேட்டரிதான்.

ஆய்வு அதிகாரி ஒன்றாம் நம்பர் வண்டியில் தொடங்குவார். டிரைவர் சாவியைத் திருப்புவார், இன்ஜின் உறுமும், அதிகாரி டிக் அடிப்பார். நாற்பத்தொன்று முடிந்ததும் ஷெட்டுக்குப் பொறுப்பான கேப்டன் அவரை டீ குடிக்க அழைத்துப் போவார். அந்த ஒரு டீ நேரத்துக்குள் பேட்டரியும் டிரைவர்களும் முன்னால் நிற்கும் வண்டிகளிலிருந்து பத்தொன்பது பேட்டரியைக் கழற்றி, கைவண்டியில் தள்ளிக்கொண்டு ஓடி, கடைசி வண்டிகளில் வைத்துவிடுவார்கள். போல்ட் முறுக்க நேரமிருக்காது. வயரை அழுத்தி வைப்பதோடு சரி. டீ சூடாக இருந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். அந்த வகையில் நாட்டின் பாதுகாப்பில் டீக்காரருக்கும் பங்குண்டு.

வித்தையைக் கண்டுபிடித்தவர் பேட்டரி. உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. "அந்தப் பக்கமும் நம்மள மாதிரி ஒருத்தன் தள்ளிக்கிட்டுதான் இருப்பான். பாவம், அவன் கையில எத்தனை இருக்கோ" என்பார். அந்தப் பக்கம் என்றால் பக்கத்து நாடு. நடுவே ஒரு மொட்டை மலை. புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். ஆனால் இரண்டு நாட்டு வரைபடத்திலும் அது அவரவர் நிறத்தில் இருக்கிறது. இவர்கள் ஒரு பீரங்கியை நகர்த்தினால் அவர்கள் இரண்டை நகர்த்துவார்கள். அவர்கள் முகாம் போட்டால் இவர்கள் சாலை போடுவார்கள். போன மாதம் அவர்கள் மலையடிவாரத்தில் ஒரு பாலம் கட்டி முடித்தார்கள்.

அதனால்தான் இந்த முறை ஆய்வு அவசர அவசரமாக வந்தது. அதிகாரி பத்து மணிக்கு வந்தார், டீ குடித்தார், அறுபதுக்கும் டிக் அடித்தார். பேட்டரிகளும் நல்ல பிள்ளைகளாகத் தத்தம் வண்டிக்குத் திரும்பின. வழக்கமாக அதிகாரி கை குலுக்கிவிட்டுப் போய்விடுவார். அன்று கேப்டனின் அறையில் உட்கார்ந்து போன் பேசிவிட்டு வெளியே வந்தார்.

"ரொம்ப திருப்தி. அறுபதும் ரெண்டு மணிக்கு மலைக்குக் கிளம்பட்டும்."

கேப்டன் முகத்தில் ஈயாடவில்லை. பேட்டரியை ஓரமாக இழுத்தார்.

"செத்ததை எல்லாம் தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம். ஒரு தடவை கிளம்பிட்டா ஓடிடும்ல?"

"ஓடும் சார். மேல போய் இன்ஜினை நிறுத்தினா மறுபடி கிளம்பாது. அந்தக் குளிர்ல, அந்த ஏத்தத்துல யார் தள்ளுறது?"

"அப்ப நிறுத்த வேணாம்னு சொல்லு."

பேட்டரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்திரண்டாம் வண்டி செத்த வண்டி. அதை ஓட்டுவது அவருடைய மாப்பிள்ளை. மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். செய்தி ஷெட்டைத் தாண்டி எப்படிப் போனதோ, பத்தாவது நிமிடம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அவர் வண்டியும் போகுதாமே?"

"போகுதும்மா."

"நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"நான் இல்லாம வேற யாரு பாக்குறது?"

நேராகப் பதினொன்றாம் வண்டிக்குப் போனார். ஷெட்டிலேயே நல்ல பேட்டரி அதில்தான். அதன் டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். உத்தரவு இன்னும் அவன் காதுக்கு வரவில்லை.

"என்ன அண்ணே, மறுபடியும் டீயா?"

"ம்."

"இந்த ஆபீசருக்கு வயிறா, தண்ணித் தொட்டியா?" பன்னை வாயில் கவ்விக்கொண்டு எழுந்தான். கைவண்டி வேறெங்கோ இருந்தது. பேட்டரியைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஐம்பத்திரண்டாம் வண்டிப் பக்கம் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் பேட்டரி லேசாகச் சாய்ந்தது.

"என் பக்கம் சாய்ச்சுக்குங்க அண்ணே. ஆசிட் கொட்டுனா என் பேன்ட்ல கொட்டட்டும். உங்களதுல ஓட்டை போட இடமே இல்ல."

பேட்டரி நின்றுவிட்டார். மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன அண்ணே, மூச்சு வாங்குதா?"

"இல்லடா. திருப்பி எடுத்துட்டுப் போலாம். இது உனக்கு வேணும்."

அவன் ஏன் என்று கேட்டான். அவர் அதைத் திரும்ப மாட்டி, ஸ்பேனர் எடுத்து போல்ட்டை முறுக்கினார். பிறகு, கேப்டன் கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டே ஆய்வு அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், அறுபது இல்ல. நாப்பத்தொண்ணு."

"என் காதால கேட்டேன்யா. அறுபது இன்ஜின்."

"இன்ஜின் அறுபதுதான் சார். பேட்டரி நடந்து வந்துச்சு."

"யார் நடக்க வச்சது?"

"நான்தான் சார். நீங்க டீ குடிக்கும்போது."

அதிகாரி ஐம்பத்திரண்டாம் வண்டியில் தானே ஏறிச் சாவியைத் திருப்பினார். டொக் என்றது, அவ்வளவுதான். இறங்கி, காகிதத்தில் அறுபதை அடித்து நாற்பத்தொன்று என்று எழுதினார்.

"நம்ம அறுபதைப் பாத்துப் பயந்துதான்யா அவங்க அந்தப் பாலத்தையே கட்டினாங்க."



தீர்ப்பு உடனே வந்தது. பத்தொன்பது வண்டி நிற்கும். அவற்றின் டிரைவர்கள் நிற்க மாட்டார்கள். மலைப் பாதையில் மாற்றி மாற்றி ஓட்ட ஆள் வேண்டும். மாப்பிள்ளைக்கு ஏழாம் வண்டி. பேட்டரிக்கு விசாரணை, அது முடியும்வரை ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. "ஆனா நாப்பத்தொண்ணுலயும் போல்ட்டை இறுக்கிட்டு அப்புறம் வெளிய போ" என்றார் அதிகாரி.

இறுக்கினார். ஏழாம் வண்டிக்கு வந்தபோது மாப்பிள்ளை குனிந்து பார்த்தான்.

"நான் இங்கயே நின்னுடுவேன்னு நெனச்சேன் மாமா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மாப்பிள்ளை."

ரெண்டு மணிக்கு அவர் கேட்டுக்கு வெளியே, சாலையோரம் நின்றார். லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒன்றைக்கூட யாரும் தள்ளவில்லை. மகள் மறுபடி போன் செய்தாள்.

"போறாராப்பா?"

"போறார். நின்னாலும் மறுபடி கிளம்புற வண்டிதான்."

அவர் போனை சாலைப் பக்கம் நீட்டினார். பிறகு காதில் வைத்துக்கொண்டு, "இப்ப கேட்டுச்சே, அதுதான் அவர் வண்டி" என்றார்.

கிளம்பிய புழுதியில் எந்த வண்டி எதுவென்று அவருக்கே தெரியவில்லை.