மோவாய் அளவு வேகம்

காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற டிரெய்லர் வண்டிக்கு சாலமன் டிரைவர். வீடு பழவேற்காட்டு ஏரிக்கரையில். ஒரு நடை போய்விட்டு வந்தால் சில நாள் வீட்டில் இருப்பார், அதில் பாதி தூக்கத்தில் போய்விடும்.

அவரைப் பிடித்து ஆட்டியது ஓர் அபராதம். ஏதோ ஒரு மாநில எல்லையைத் தாண்டிய கையோடு செல்போனில் வந்து விழுந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் எழுபது போகலாம், அந்தப் பக்கம் அறுபது. சாலமன் இரண்டு பக்கமும் ஒரே சீராக எழுபதில் போயிருந்தார். வண்டி அதே வண்டி, ரோடும் அதே ரோடு. நடுவில் ஒரு வளைவு கூடக் கிடையாது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் நல்ல டிரைவராக இருந்தவர், ஒன்றுமே செய்யாமல் குற்றவாளி ஆகியிருந்தார். முதலாளி சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. தெரியாமலே தப்புச் செய்ய முடியும் என்பதுதான் அவரைக் குடைந்தது.

அன்றிலிருந்து தாபாவில் எந்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும், "உங்க ஊர்ல எவ்ளோ?" என்று கேட்க ஆரம்பித்தார். சிலர் டீசல் விலையைச் சொன்னார்கள். ஒருவர் பெண் எடுத்த இடத்தில் போட்ட நகையைச் சொன்னார். சாலமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுபடி வேகத்துக்கு வருவார். நாலுவழிச் சாலையில் இவ்வளவு, பாலத்தில் இவ்வளவு, மலை இறக்கத்தில் நாற்பது, பள்ளிக்கூடம் வந்தால் இருபத்தைந்து என்று எல்லாம் மனதில் ஏறிவிட்டது. எந்த இரண்டு ஊரும் ஒத்துப்போகவில்லை என்பது அவருக்கு நிஜமான வருத்தம்.

மனைவி ரோஸ்மேரி போனில் கேட்பாள். "சாப்ட்டியா?"

"இங்க எம்பது. கொஞ்ச தூரம் போனா அறுவதாம்."

"சோறு துன்னியானு கேட்டேன்."

"இனிமேதான்."

ரோஸ்மேரி ஏரியில் இறால் தடவுகிறவள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் கழுத்தளவுக்கு உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஒரு ஓலைப்பறி. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடியும் வரை யாரும் யாரோடும் பேச முடியாது. தனக்கு அதில் பிடித்த விஷயமே அதுதான் என்பாள் ரோஸ்மேரி.

ஒருநாள் காலையில் பசியாவரம் தீவுப் பக்கத்திலிருந்து உள்ளூர்க்காரன் ஜெகதீஸ்வரனின் ஃபைபர் படகு வந்தது. புது இன்ஜின். அவனுக்குக் கல்யாணமும் புதிது. இரண்டும் ஒரே மாதத்தில் வந்ததால் எதையும் மெதுவாகச் செய்ய அவனால் முடியவில்லை. படகு தூரத்தில்தான் போனது. ஆனால் அது கிளப்பிய அலை வந்து ரோஸ்மேரியின் மூக்குக்கு மேல் ஏறியது. வாயைத் திறந்தால் பறி போய்விடும். அவள் திறக்கவில்லை. மூக்கால் தண்ணீரைக் குடித்து, எழ முயன்று, சறுக்கி, சிப்பி மேல் காலை வைத்தாள். உள்ளங்கால் கிழிந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். பறியில் இருந்த இறால் ஒன்று கூடக் குறையவில்லை.

சாலமன் அந்த நடை முடித்து வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டுப் போட்ட காலோடு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடிதடி ஆகிவிடுமோ என்று ரோஸ்மேரி பயந்தாள்.

ஜெகதீஸ்வரனும் அப்படித்தான் நினைத்தான். படகைக் கழுவிக்கொண்டிருந்தவன் சாலமனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"எவ்ளோ ஸ்பீடுல போன?" என்றார் சாலமன்.

"இன்னாண்ணா?"

"எவ்ளோ ஸ்பீடுனு கேக்கறேன்."

"போட்ல மீட்டரு ஏதுண்ணா?"

"அங்க எவ்ளோ போலாம்?"

"தண்ணில இன்னாண்ணா கணக்கு? போற வரைக்கும் போறதுதான்."

சாலமன் படகின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாநிலம் சுற்றியும், போர்டே இல்லாத ஒரு இடத்தை அவர் பார்த்ததில்லை. அது தன் வீட்டு வாசலிலேயே இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வலைக்கூடத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். தலைவர் துளசிங்கம் பேசச் சொன்னதும், சாலமன் எழுந்து ஒவ்வொரு ஊராக வேகத்தைச் சொல்லிக்கொண்டே போனார். குஜராத் வரை போய்விட்டார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்தாமல் கேட்டார்கள்.

"சரிப்பா" என்றார் துளசிங்கம். "நம்ம ஏரில பாதிக்கு மேல ஆந்திராவுக்குப் போவுது. மீதி நம்மளுது. நீ எந்த ஊரு கணக்க இங்க வெக்கச் சொல்ற?"

சாலமன் யோசித்தார். உண்மையிலேயே கடினமான கேள்வி அது. நீளமாக யோசித்துவிட்டு, "ரெண்டுல கம்மியானத" என்றார்.

"கம்மியே வெச்சிக்கோ. அத எத வெச்சி அளக்கறது?" என்றான் ஜெகதீஸ்வரன்.

கூட்டம் கலையப்போகிற நேரத்தில், காலை நீட்டி ஓரமாக உட்கார்ந்திருந்த ரோஸ்மேரி வாயைத் திறந்தாள்.

"எனக்கு நம்பரெல்லாம் வாணாம் தலைவரே. நாங்க உக்காந்துகினு இருக்கச்சொல்ல அல மோவாய்க்கு மேல வரக்கூடாது. அவ்ளோதான்."

"அது எனக்கு எப்பிடிக்கா தெரியும்? நான் போட்லல்ல இருக்கேன்" என்றான் ஜெகதீஸ்வரன்.

"வந்து உக்காரு. தெரியும்."

யாரோ சிரித்தார்கள். துளசிங்கம் சிரிக்கவில்லை. "நியாயந்தானே" என்று எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஊரே கரையில் நிற்க, ஜெகதீஸ்வரன் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தான். ரோஸ்மேரி தன் பறியைக் கொடுத்தனுப்பி, பல்லால் கடித்துக்கொள்ளச் சொன்னாள். அவனுடைய படகைத் துளசிங்கம் ஓட்டினார். முதல் தடவை அவன் வழக்கமாகப் போகிற வேகத்தில் போனார். ஜெகதீஸ்வரன் தலை காணாமல் போய்த் திரும்பி வந்தது. பறி மட்டும் தனியாக மிதந்தது. இருமி முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது. அடுத்த தடவை கொஞ்சம் குறைத்தார்கள். மூக்கு வரை வந்தது. இன்னும் குறைத்தார்கள். அலை மோவாயைத் தொட்டு நின்ற இடத்தில் ரோஸ்மேரி கையைத் தூக்கினாள்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்ஜின் கைப்பிடி அப்போது எங்கே இருந்ததோ, அங்கே ஒரு கோடு போட வேண்டும் என்றார் சாலமன். பெயிண்ட் யாரிடமும் இல்லை. ஜெகதீஸ்வரனின் மனைவி நந்தினி வீட்டுக்கு ஓடிப்போய் நகப்பூச்சு கொண்டு வந்தாள். குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல சாலமன் குனிந்து கோடு போட்டார். மற்ற படகுக்காரர்களும் வரிசையாக வந்து நின்றார்கள். ஒரு படகின் கோடு இன்னொன்றுக்கு ஒத்துவரவில்லை. இன்ஜினுக்கு இன்ஜின் இடம் மாறியது. சாலமனுக்கு இந்த முறை அது வருத்தமாக இல்லை. நகப்பூச்சு பாதியிலேயே தீர்ந்துபோனது. இன்னொரு பாட்டில் வாங்கித் தரும்வரை நந்தினி புருஷனோடு பேசவில்லை.

எல்லாரும் எப்போதும் கோட்டை மதிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. மழை வருகிற மாதிரி இருந்தால் யாரும் கோட்டைப் பார்ப்பதில்லை. ஜெகதீஸ்வரன் மட்டும் பார்க்கிறான். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறிய எரிச்சல் இரண்டு நாள் இருந்ததாம்.

கால் ஆறி ரோஸ்மேரி மறுபடி தண்ணீரில் இறங்கிய அன்று சாலமன் வண்டியோடு வடக்கே கிளம்பிவிட்டிருந்தார். தூரத்தில் ஜெகதீஸ்வரன் படகு வந்தது. இறால் தடவுகிறவர்கள் இருக்கும் இடம் நெருங்கியதும் இன்ஜின் சத்தம் இறங்கியது. அலை மெதுவாக வந்து அவள் கழுத்தைச் சுற்றிப் போனது.

"அக்கா, சரியா?" என்று கத்தினான்.

ரோஸ்மேரியின் வாயில் பறி இருந்தது. ஒரு கையைச் சேற்றிலிருந்து எடுத்து, இன்னும் கொஞ்சம் குறை என்று காட்டினாள்.